கயிறு திரிக்கவில்லை, கயிறு சோதித்த கதை

"கயிறு திரிக்கிறான்" என்றால் உங்க ஊரில் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். எங்க பக்கம் அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் பாக்கி இருக்கிறது. நாரை எடுத்து, தொடையில் உருட்டி, புரி புரியாக முறுக்கி நிஜமாகவே கயிறு திரிக்கிற ஆளுங்க இரண்டு மூன்று பேராவது இருக்காங்க. அவங்களும் போய்விட்டால் அந்த அர்த்தமும் போய்விடும். பொய் மட்டும்தான் தங்கும்.

போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தையைப் பற்றி முன்னாடியே எழுதியிருக்கிறேன். ஆடு, மாடு, கோழி, காய்கறி, துணிமணி, அருவாள், மண்வெட்டி என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மாட்டு வியாபாரம் நடக்கிற பக்கத்திலேயே கயிறு விக்கிறவங்க தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பாங்க. முன்னெல்லாம் அந்த இடம் முழுக்க ஒரே பழுப்பு நிறமாகத் தெரியும். இப்போ தூரத்தில் இருந்து பார்த்தால் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. பத்துக் கட்டில் எட்டுக் கட்டு பிளாஸ்டிக். ஓரமாக ஒரு பாட்டி மட்டும் தேங்கா நார் கயிறும், கொஞ்சம் சணப்புக் கயிறும் வைத்திருக்கும்.

எங்க வழக்கத்தில் மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றுவோம். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்துக்கயிறு எல்லாம் புதுசு. கழட்டின பழசைக் கையில் எடுத்துப் பார்த்தால், அந்த வருஷம் அது எங்கே தேய்ந்தது, எங்கே இத்துப் போனது, எதுக்குத் தாக்குப் பிடித்தது எல்லாம் தெரியும். 2024 பொங்கலுக்கு முந்தின சந்தையில் பாட்டிகிட்ட நார்க் கயிறு கேட்டபோது, அது ஒரு கேள்வி கேட்டது.

"ஏன் சாமி, எல்லாரும் அந்தக் கயிறுதான் ஒழைக்குதுன்னு சொல்றாங்க. என்னுது அத்தன மோசமாவா ஒழைக்குது?"

சொல்லத் தெரியவில்லை. மாடு கட்டி நாற்பது வருஷம் ஆன எனக்கே எந்தக் கயிறு எவ்வளவு உழைக்கும் என்று கணக்காகத் தெரியாது. "நல்லா ஒழைக்கும்", "சீக்கிரம் இத்துப்போகும்" என்று வாய்ப்பேச்சாகத்தான் எல்லாரும் சொல்கிறோம். அதனால் 2024 மாட்டுப் பொங்கலில் இருந்து 2025 மாட்டுப் பொங்கல் வரைக்கும் ஒரு வருஷம் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இதுக்குத் துணை எங்க அண்ணன் மகன். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறான். அங்கே வண்டிச் சாமான் ஒவ்வொன்றையும் இழுத்தும் நசுக்கியும் தேய்த்தும் பார்த்துத்தான் வெளியே விடுவாங்களாம். விஷயத்தைச் சொன்னதும் அவன் சொன்ன முதல் பேச்சு:

"சித்தப்பா, ஒரே ஒரு துண்டை இழுத்துப் பார்த்துட்டு முடிவு சொல்லாதீங்க. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு துண்டு எடுங்க. எல்லாத்துக்கும் ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே முடிச்சு. அப்பறம் நோட்டுல எழுதுங்க, மனசுல வெக்காதீங்க."

அப்படியே செய்தோம். பென்சில் தடிமனில் அஞ்சு வகை.

ஒண்ணு, தேங்கா நார். அரசம்பட்டி பக்கம் தென்னந்தோப்பு ஏராளம், அங்கே தென்னங்கன்று வாங்க வெளி மாவட்டத்தில் இருந்தெல்லாம் வருவாங்க. மட்டையில் இருந்து நார் எடுக்கிற மில்லும் எங்க சுற்று வட்டாரத்தில் உண்டு. ரெண்டு, சணப்பு. நிலத்துக்குப் பசுந்தாள் உரமாக விதைக்கிறோமே, மஞ்சள் பூ பூக்கிற அதே செடி. முற்ற விட்டு அறுத்து, தண்ணியில் ஊறப்போட்டு, தோலை உரித்து நார் எடுக்கணும். கோணிப்பைச் சணல் வேறே, இது வேறே. மூணு, கத்தாழை. வரப்பிலும் ரயில் பாதை ஓரத்திலும் முள்ளோடு நிற்கிற ஆனைக்கத்தாழை. சாறு பட்டால் உடம்பு அரிக்கும். நாலு, பருத்தி நூல் கயிறு. அஞ்சு, சந்தையில் 'நைலான்' என்று விற்கிற நீலக் கயிறு.

அந்த அஞ்சாவதைப் பற்றி ஒரு விஷயம். அண்ணன் மகன் ஒரு துண்டை நறுக்கி வாளித் தண்ணியில் போட்டான், மிதந்தது. "இது நைலானே இல்ல சித்தப்பா. நைலான் தண்ணியில முங்கும். மிதக்குதுன்னா பாலிப்ரொப்பிலீன், இல்லாட்டி அது மாதிரி வேற பிளாஸ்டிக்" என்றான். இத்தனை வருஷமா ஊரே நைலான் என்று சொல்லி வாங்குவது பெரும்பாலும் நைலானே கிடையாது. நீங்களும் வீட்டுக் கொடிக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டிப் போட்டுப் பார்க்கலாம். வெயிலுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல, அதைப் பின்னாடி சொல்கிறேன்.

முதல் சோதனை எடை. கொல்லையில் இருக்கிற புளியமரத்துக் கிளையில் கயிற்றைக் கட்டி, கீழே தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை தொங்கவிட்டு, 50 கிலோ மணல் மூட்டையை ஒவ்வொன்றாக ஏற்றினோம். தேங்கா நார் கயிறு ரெண்டு மூட்டை தாங்கியது, மூணாவது வைக்கும்போது அறுந்தது. பருத்தி நாலு தாங்கி அஞ்சாவதில் போனது. சணப்பு அஞ்சு தாங்கியது, ஆறாவதில் போனது. கத்தாழையும் பிளாஸ்டிக்கும் ஆறு மூட்டைக்கும் அசையவில்லை. அதுக்கு மேலே ஏற்றினால் கிளை முறிந்துவிடும் என்று நிறுத்திவிட்டோம். அஞ்சு அஞ்சு துண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை மட்டும் பார்த்தால் பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் "ஆமாம் பாட்டி, உன்னுது மோசம்தான்" என்று வந்திருக்கும். கட்டடத்துக்கு இரும்புக் கம்பி பார்க்கிற மாதிரி கயிற்றுக்கும் அறுகிற எடையை மட்டும் பார்த்தால் தேங்கா நாருக்குக் கடைசி இடம்தான்.

ஆனால் அந்தச் சோதனையிலேயே ரெண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒண்ணு, அறுந்த கயிறு எல்லாம் அனேகமாக முடிச்சை ஒட்டித்தான் அறுந்தது. நடுவில் அறுந்தது ரொம்பக் குறைவு. முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் பாதி வரைக்கும் குறைந்துபோகும் என்று அண்ணன் மகன் சொன்னான். முடிச்சு வளைகிற இடத்தில் வெளிப்பக்கத்து நார் இழுபடும், உள்பக்கத்து நார் சும்மா இருக்கும். பாரத்தை எல்லா நாரும் சேர்ந்து தாங்காது. ரெண்டாவது, கத்தாழைக் கயிறு மூட்டை ஏற ஏற விறைத்து நின்றதே தவிர நீளவே இல்லை. தேங்கா நாரோ ரெண்டாவது மூட்டையிலேயே பலகையைத் தரைக்கு நாலு விரல் பக்கம் வரைக்கும் இறக்கிவிட்டது. அறுகிறதுக்கு முன்னாடி நல்லா நீண்டது, மெல்லிசானது, நார் ஒவ்வொன்றாக 'பட் பட்' என்று தெறித்தது. அறுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அறுந்தது.

இந்த நீளுகிற குணம் நாரிலேயே இருக்கிறது. சணல் நாரை இழுத்தால் 100-க்கு 2 பங்கு கூட நீளாமல் அறுந்துபோகும். தேங்கா நார் 100-க்கு 20, 30 பங்கு வரைக்கும் நீளும். இந்தக் குணத்துக்காகவே இதைக் கடலில் பயன்படுத்தியிருக்காங்க என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. சென்னையில் துறைமுகம் கட்டுகிறதுக்கு முன்னாடி கப்பல் எல்லாம் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கே இருந்து ஆளையும் சாமானையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. அதில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்கா நார் கயிற்றால் தைத்திருப்பாங்க. ஆணி அடித்த படகு அலை அடியில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். மெரினாவில் நின்று கடல் பார்க்கிறவங்க அடுத்த தடவை இதை நினைத்துப் பாருங்க.

அதுக்கும் முன்னாடி 13-ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவில் இருக்கிற ஓர்முசுக்கு வந்த மார்கோ போலோவும் இப்படித் தைத்த கப்பலைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கப்பலை அவர் மெச்சவில்லை, அதில் போவது ஆபத்து என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்த நார்க் கயிறு கடல் தண்ணிக்குக் கெடாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறார்.

ரெண்டாவது சோதனை தேய்மானம். எங்க பழைய கிணற்று மேட்டில் ஒரு கருங்கல் இருக்கிறது. அதன் விளிம்பில் விரல் போகிற அளவுக்கு வரிசையாகப் பள்ளம். கல்லில் உளி வைத்துச் செதுக்கினது இல்லை, கயிறு தேய்த்தது. கரண்டு மோட்டார் வருகிறதுக்கு முன்னாடி அந்தக் கிணற்றில் கவலை ஓட்டினாங்க. நான் சின்னப் பையனாக இருந்தபோது கடைசி ரெண்டு மூணு வருஷம் பார்த்திருக்கிறேன். மாடு சரிவில் இறங்க வடக்கயிறு சாலை மேலே இழுக்கும். கூடவே சின்னதாக ஒரு வால்கயிறு தோல் வாயைப் பிடித்துத் தூக்கி வரும். சால் மேலே வந்ததும் தண்ணி தானாகக் கொட்டும். வடம் எங்க தாத்தா சணப்பு நாரில் திரித்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பாங்க, எங்க கிணற்றில் கயிறு ஊரிக் கல் தேய்ந்திருக்கிறது. அதுக்குள்ளே எத்தனை கயிறு தேய்ந்து போயிருக்கும் என்று கணக்குப் போடவே முடியாது.

அதே கல் விளிம்பில்தான் சோதித்தோம். 10 கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நாளைக்கு 100 தடவை என்று அஞ்சு நாள் மேலும் கீழும் இழுத்தோம். கை காய்த்துப் போனது. பருத்திதான் முதலில் பஞ்சு பஞ்சாகி இளைத்தது. பிளாஸ்டிக் கயிறு மேலே எல்லாம் பிசிறு கிளம்பி, தொட்டால் குத்துகிற மாதிரி ஆனது. வேகமாக இழுத்த அன்னிக்குக் கல் பட்ட இடம் சூட்டில் இளகி வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டது. தேங்கா நார் சிலும்பு எல்லாம் கொட்டி ஒரு சுற்று இளைத்தது. சணப்புக் கயிறுதான் தேயத் தேய மொழுக்கென்று ஆகி, கடைசி வரைக்கும் நின்றது. தாத்தா வடத்துக்கு ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

மூணாவது சோதனைதான் மாட்டுக்காரனுக்கு முக்கியம். மாட்டுக்கயிறு பாரத்தால் கெடுவதை விட சாணி, மூத்திரம், ஈரம் இதிலே கிடந்து கெடுவதுதான் அதிகம். அதனால் ஒவ்வொரு வகையிலும் துண்டு துண்டாக வெட்டி, ஆனி மாசம் மழை பெய்த பிறகு எருக்குழியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்தேன். மாசம் ஒரு தடவை, அமாவாசை அன்னிக்கு, ஒவ்வொன்றிலும் சில துண்டைத் தோண்டி எடுத்துப் பார்ப்பேன்.

முதல் அமாவாசையில் பருத்தி கையிலேயே பிய்ந்து வந்தது. ரெண்டாவதில் சணப்பு போனது, ஊறின வைக்கோல் மாதிரி இருந்தது. மூணாவதில் கத்தாழை, அத்தனை பலசாலி, ஒரு மூட்டை கூடத் தாங்காமல் மொடக்கென்று ஒடிந்தது. தேங்கா நார் கயிறு மார்கழி வரைக்கும், ஆறு மாசம் கழித்து எடுத்தபோதும், கறுத்துப் போயிருந்ததே தவிர கயிறாகவே இருந்தது. ஒரு மூட்டையைத் தாங்கிவிட்டு ரெண்டாவதில் அறுந்தது. பிளாஸ்டிக்கைக் கழுவினேன், புதைத்த அன்னிக்கு இருந்த மாதிரியே இருந்தது. என் பேரன் காலத்திலும் அங்கேயே அப்படியே கிடக்கும்.

தேங்கா நார் மட்டும் ஏன் மக்கவில்லை? அதில் லிக்னின் என்கிற மரச்சத்து 100-க்கு 40 பங்குக்கு மேல் இருக்கிறது. சணலில் 12, 13 பங்குதான். பருத்தி 90 பங்குக்கு மேல் வெறும் செல்லுலோஸ், மண்ணில் இருக்கிற கிருமிக்கு அது சோறு மாதிரி. லிக்னின் அதுங்க பல்லுக்கு எளிதில் அகப்படாது. ஆலப்புழை பக்கத்தில் கலவூரில் கயிறு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்படி நாரைப் பற்றி ஆராய்வதே அவங்க வேலை. 2020-ல் கிராமச் சாலைத் திட்டத்தில் ரோட்டுக்கு அடியில் தேங்கா நார் விரிப்புப் போடலாம் என்று மத்திய அரசு அனுமதி கொடுத்ததுக்கும் இந்தக் குணம்தான் காரணம். மண் இறுகுகிற வரைக்கும் தாங்கிவிட்டு, அப்புறம் மெதுவாக மண்ணோடு மண்ணாகிவிடும்.

நாலாவது வெயில். ஓட்டுக் கூரை மேல் அஞ்சையும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வருஷம் காயவிட்டேன். எங்க ஊர் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியாததா. இதிலேதான் நீலக் கயிறு மாட்டிக்கொண்டது. நிறம் வெளுத்து, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டியது. புதுசில் ஆறு மூட்டைக்கு அசையாத கயிறு ரெண்டு தாங்கி மூணாவதில் அறுந்தது. அசல் நைலானாக இருந்தால் இத்தனை சீக்கிரம் உதிர்ந்திருக்காது என்கிறான் அண்ணன் மகன். பக்கத்திலேயே கிடந்த தேங்கா நார் சாம்பல் நிறமாகிப் போயிருந்தது, ஆனாலும் ஒரு மூட்டையைத் தாங்கிவிட்டு ரெண்டாவதுக்குத்தான் அறுந்தது. ஒரு வருஷ வெயிலுக்குப் பிறகு பலசாலிக்கும் பாட்டி கயிற்றுக்கும் ஒரே ஒரு மூட்டைதான் வித்தியாசம்.

இது எல்லாம் நோட்டுக் கணக்கு. இதுக்கு நடுவில், நாங்க வைக்காத ஒரு சோதனை வந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலுக்கும் நமக்கும் ரொம்ப தூரம், என்ன ஆகிவிடும் என்று எல்லாரும் தூங்கினோம். டிசம்பர் 1-ஆம் தேதி முழுக்க மழை, ராத்திரியும் விடவில்லை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீங்க. எங்க பக்கத்து ஏரி குட்டை எல்லாம் நிரம்பி, தண்ணி எது வரப்பு எது வழி என்று தெரியாமல் ஓடியது.

விடியக்காலம் மூணு மணி இருக்கும். மாட்டுக்கொட்டாயில் சத்தம் கேட்டு டார்ச் எடுத்துக்கொண்டு போனால் முட்டிக்கு மேலே தண்ணி. எங்க செவலைப் பசு கட்டுத்தறியில் இல்லை. தேங்கா நார் கயிறு கல்தூண் பக்கம் அறுந்து, மிச்சக் கயிறு கழுத்தில் தொங்க, மாடு வீட்டு மேட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தது. சணப்புக் கயிற்றில் கட்டின இன்னொன்று அங்கேயே நின்று கத்தியது. அவிழ்க்கப் போனால், நனைந்து உப்பின கயிற்றில் முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது. நார்க் கயிற்றுக்கு இந்தக் குணம் உண்டு, ஈரத்தில் உப்பி முடிச்சு இறுகிக்கொள்ளும். பருத்திக்கு ஈரத்தில் பலம் வேறே கூடும். அருவாளால் வெட்டித்தான் விட்டேன்.

தாழ்வில் இருந்த பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டில் ஒரு கன்னுக்குட்டி. பிளாஸ்டிக் கயிற்றில் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது. அந்தக் கயிறு வழுவழுப்பு, சுருக்கு ஒரு தடவை ஓடினால் பிறகு தளராது. தண்ணி தள்ளத் தள்ள கன்னு இழுக்க, அது இழுக்க இழுக்க சுருக்கு இறுக. நாங்க போய்ச் சேரும்போது முடிந்துபோயிருந்தது. தண்ணி அந்த இடத்தில் ரெண்டு அடிதான். மூழ்கிச் சாகிற அளவுக்கு இல்லை. அந்த அம்மா கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"அறுந்து தொலைஞ்சிருக்கக் கூடாதாண்ணா இந்தக் கயிறு."

அறுகாத கயிறு வேணும் என்று கேட்டுத்தான் எல்லாரும் வாங்குகிறோம். அதுக்கும் நியாயம் இருக்கிறது. கயிறு அறுந்து மாடு பக்கத்துக் கொல்லை ராகியில் இறங்கினால், அடுத்த நாள் பேச்சு வார்த்தை, அதுக்கடுத்த நாள் பஞ்சாயத்து. இப்போ சிப்காட் வந்த பிறகு ரோட்டில் ராத்திரி பகலாக கம்பெனி பஸ்ஸும் லாரியும் போகிறது. அவிழ்ந்த மாடு ரோட்டுக்குப் போனால் மாடும் போகும், வண்டியில் வருகிற ஆளும் போகலாம். அதனால் "எல்லாரும் பழையபடி நார்க் கயிறு கட்டுங்க" என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டாங்க.

மழை வடிந்து ஒரு வாரம் கழித்து மோட்டார் ரூமில் ஃபியூஸ் போய்விட்டது என்று மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வழி பிடிபட்டது. மோட்டாருக்குப் போகிற ஒயரெல்லாம் கெட்டி. நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் மெல்லிய கம்பி வைக்கிறோம். ஏன்? கரண்டு எகிறினால் அது எரிந்துபோய் மோட்டாரைக் காப்பாற்றணும். எது அறுகணும், எந்த இடத்தில் அறுகணும் என்று நாமே முன்னாடி தீர்மானித்து வைக்கிறோம். அதையே மாட்டுக்கும் செய்தால் என்ன?

இப்போ எங்க கொட்டாயில் கட்டுகிற முறை இது. கழுத்தில் சணப்புக் கயிறு, பட்டையாகப் பின்னினது. சதையை அறுக்காது. சுருக்கு கிடையவே கிடையாது, நகராத முடிச்சு மட்டும். நடுவில் நீளத்துக்கு எந்தக் கயிறு வேண்டுமானாலும், பிளாஸ்டிக் கூட சரி. கட்டுத்தறி பக்கம் கடைசி ஒரு முழம் மட்டும் தேங்கா நார், ரெண்டு முனையிலும் காதோடு. காதுக்குள்ளே ஒரு மரக்கட்டை சொருகி மாட்டிவிடுவோம், அவசரத்துக்கு முடிச்சு அவிழ்க்க வேண்டியதில்லை, கட்டையை உருவினால் போதும். சும்மா மேய்கிற மாடு இழுக்கிற இழுப்பை அந்த ஒரு முழம் தாங்கும். உயிருக்குப் பயந்து மொத்த பலத்தோடு பாய்ந்தால் அங்கே அறுந்துவிடும். சாணியில் கிடக்கிற இடமும் அதுதான், அதில் மக்காமல் நிற்கிற நாரும் அதுதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தத் துண்டை மட்டும் மாற்றுகிறோம். 2025 பொங்கலில் இருந்து இதுவரைக்கும் ரெண்டு தடவை அறுந்தது. ஒரு தடவை பசு பருவத்துக்கு வந்தபோது. இன்னொரு தடவை நாய் விரட்டி.

சந்தைப் பாட்டிகிட்ட நோட்டைக் காட்டிப் படித்துச் சொன்னேன். எடையில் கடைசி என்றதும் முகம் சுருங்கியது. எருக்குழிக் கணக்கைக் கேட்டதும், "அது எனக்குத் தெரியுமே, தேங்கா மட்ட ஏரித் தண்ணியிலயே எத்தன மாசம் கெடக்கும்" என்றது. இப்போ ரெண்டு பக்கமும் காது வைத்த ஒரு முழத் துண்டாகவே திரித்துக் கொண்டுவருகிறது. மாட்டுக்காரங்க சில பேர் கேட்டு வாங்குறாங்க. பிளாஸ்டிக் கட்டு வாங்குகிற அதே ஆளுங்கதான்.

பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு மாடு இல்லை. ஆனால் ஊஞ்சல் இருக்கும், மொட்டை மாடியில் பந்தல் இருக்கும், கொடி இருக்கும். உங்களுக்காக ரெண்டு வரி. செடியைக் குச்சியோடு கட்ட பருத்தி நூலோ சணலோ போதும், அறுவடை முடிந்ததும் செடியோடு சேர்த்தே குழியில் போடலாம். ஈரத்திலேயே கிடக்கிற இடத்துக்குத் தேங்கா நார். பாரம் தூக்க, ஈரம் படாத இடத்தில், கத்தாழை. வெயிலில் வருஷக்கணக்கில் கிடக்கிற கொடிக்கு அந்த நீலக் கயிற்றை நம்பாதீங்க. தொட்டுப் பார்த்து மாவு ஒட்டினால் கழட்டிப் போடுங்க.

குழந்தைக்கு ஊஞ்சல் கட்டினால், கயிறு அறுகிற எடையில் பத்தில் ஒரு பங்கு பாரம்தான் ஏற்றலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்க. ஆள் ஏறுகிற கயிற்றுக்கு இதுதான் வழக்கம் என்று அண்ணன் மகன் சொல்கிறான். அதனால் என் பென்சில் தடிமன் எல்லாம் அதுக்கு ஆகாது, கட்டைவிரலை விடத் தடியாகப் பார்த்து வாங்குங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை முடிச்சை அவிழ்த்து, ரெண்டு கையாலும் புரியை எதிர்ப் பக்கம் முறுக்கிப் பிரித்து உள்ளே பாருங்க. உள்ளே நார் நிறம் மாறாமல் இருந்தால் இன்னும் ஆடலாம். தூள் கொட்டினால், வெளியே எத்தனை நல்லா இருந்தாலும் அன்னிக்கே மாற்றிவிடுங்க. கயிறு கெடுவது முதலில் உள்ளேயும் முடிச்சுக்கு அடியிலும்தான்.